யூஜின் சாண்டோ: வாழ்க்கையைப் புரிந்துகொண்டு, அவர் முறையில் வீட்டிலேயே உடம்பைத் தேற்ற ஒரு முழு வழிகாட்டி

பாடி பில்டிங் போட்டியான மிஸ்டர் ஒலிம்பியாவில் பட்டம் ஜெயித்தவர் கையில் ஒரு சிலை கொடுப்பார்களே, உருண்டைத் தலை பார்பெல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதரின் சிலை, அவர்தான் யூஜின் சாண்டோ. 1977 முதல் அந்தச் சிலையைத்தான் தருகிறார்கள். நம்ம ஊரில் இவர் பெயர் வேறு வழியாக வந்து சேர்ந்தது. படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட 'சாண்டோ' இவருடையதுதான், கையில்லாத பனியனுக்குக் கடைக்காரர் சொல்லும் பெயரும் இவருடையதுதான். ஆனால் அந்த ஆள் யார், என்ன செய்தார், எப்படிப் பயிற்சி செய்தார் என்று கேட்டால் ஜிம்மில் வருஷக்கணக்காக இருப்பவர்கள்கூட யோசிக்கிறார்கள்.

இந்த வழிகாட்டியில் இரண்டு வேலையையும் சேர்த்தே செய்யப்போகிறோம். அவர் வாழ்க்கையைப் படிப்படியாகப் பார்ப்போம், ஒவ்வொரு கட்டத்திலும் நம் உடம்புக்கு எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்றும் பார்ப்போம். இரண்டையும் பிரித்தால் சாண்டோ புரியமாட்டார். ஏனென்றால் அவர் விற்ற முறை ஒன்று, அவர் உடம்பு உருவான முறை இன்னொன்று. இந்த வித்தியாசம் தெரியாமல் அவருடைய பயிற்சியைத் தொடங்குகிறவர்கள் மூன்று மாதத்தில் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

படி 1: கதையையும் நடந்ததையும் தனித்தனியாக வையுங்கள்

1867 ஏப்ரல் 2 அன்று, அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். இன்று அந்த ஊர் ரஷ்யாவிடம் இருக்கிறது, பெயர் கலினின்கிராட். வீட்டில் வைத்த பெயர் பிரீட்ரிக் வில்ஹெல்ம் முல்லர். யூஜின் சாண்டோ என்பது மேடைக்காக வைத்துக்கொண்டது.

அவரே தன் புத்தகத்தில் ஒரு கதை சொல்கிறார். சின்ன வயதில் நோஞ்சானாக இருந்தாராம். பத்து வயதில் அப்பா இத்தாலிக்குக் கூட்டிப்போனபோது அங்கே இருந்த பழைய சிலைகளைப் பார்த்து, இந்த மாதிரி உடம்பு இப்போது ஏன் யாருக்கும் இல்லை என்று கேட்டாராம். அந்தக் காலத்து மனிதர்கள் உழைத்தார்கள், இந்தக் காலத்தில் சொகுசு வந்துவிட்டது என்ற மாதிரி அப்பா பதில் சொன்னாராம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவர் தன் பயிற்சி முறையை விற்றுக்கொண்டிருந்த ஒருவர் என்பதை மறக்க வேண்டாம். நோஞ்சான் பையன் பயில்வான் ஆன கதை அன்றைக்கும் விலை போயிற்று, இன்றைக்கும் போகிறது, எந்த ஆன்லைன் கோச்சின் பக்கத்தைத் திறந்தாலும் இதே கதைதான் முதலில் நிற்கும்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்: ராணுவ சேவையைத் தவிர்க்க 1885 வாக்கில் பிரஷ்யாவை விட்டுக் கிளம்பினார், சர்க்கஸில் வித்தைக்காரராக ஐரோப்பாவைச் சுற்றினார், பிழைப்புக்காகச் சிற்பிகளுக்கும் ஓவியர்களுக்கும் மாடலாக நின்றார். அப்படியே பிரஸ்ஸல்ஸ் வந்து சேர்ந்தார். அங்கேதான் குரு கிடைத்தார்.

படி 2: குருவைத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லையென்றால் பயிற்சி பிடிபடாது

லூயிஸ் துர்லாகர் என்பது அவர் பெயர், மேடையில் புரொபசர் அட்டிலா. வயதில் சாண்டோவைவிட இருபது வருஷத்துக்கும் மேல் மூத்தவர், வலிமை வித்தைகளில் ஊறியவர். கனமான பார்பெல், கனமான டம்பெல் என்று சாண்டோவை நிஜமான எடைக்குப் பழக்கியவர் இவர்தான். பென்ட் பிரஸ் என்று ஒரு தூக்கு உண்டு. ஒரு கையில் எடையைத் தோளுக்குக் கொண்டுவந்து, உடம்பை மறுபக்கமாகச் சாய்த்துக்கொண்டே அந்த எடைக்கு அடியில் போய், கை நேரானதும் நிமிர்ந்து எழுவது. அட்டிலா அதில் கெட்டிக்காரர், சாண்டோவும் அதில் தேறினார். 120 கிலோவுக்கும் மேல் ஒரே கையில் ஏற்றினார் என்று அந்தக் காலப் பதிவுகள் சொல்கின்றன. இன்று நம் ஜிம்மில் இரண்டு கையாலும் அந்த எடையைத் தலைக்கு மேல் தூக்குபவர் எத்தனை பேர் என்று பாருங்கள்.

அதே அட்டிலா, சின்ன டம்பெல்களை வைத்து நிறைய தடவை செய்யும் பயிற்சியையும் சொல்லிக்கொடுத்தார். சாண்டோ பின்னால் உலகம் முழுக்க விற்றது இந்த இரண்டாவது பாதியை மட்டும்தான். சுமார் 2.25 கிலோ டம்பெல்லை வைத்துத் தினமும் பயிற்சி செய்தால் என் மாதிரி ஆகலாம் என்ற நம்பிக்கையை மக்களுக்குக் கொடுத்தார். அந்தப் பயிற்சியால் நல்லது நடக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சாண்டோவின் தோளும் முதுகும் அதனால் மட்டும் வந்தவை என்று நம்பினால் ஏமாந்துபோவீர்கள். இதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள், படி 6இல் இதற்கு வழி சொல்கிறேன்.

படி 3: மேடையைப் பாருங்கள், வலிமை எப்படிக் காட்சியாக மாறியது என்று கவனியுங்கள்

1889இல் லண்டனில் சாம்ப்சன் என்ற பயில்வான் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் ராயல் அக்வேரியம் அரங்கில் தினமும் வித்தை காட்டிக்கொண்டிருந்தார். என்னையும் என் சீடனையும் ஜெயிப்பவர் உண்டா, ஜெயித்தால் பணம் தருகிறேன் என்று மேடையிலிருந்து சவால். சாண்டோ போய் முதலில் சைக்ளப்ஸ் என்ற சீடனை ஜெயித்தார். நவம்பர் 2 அன்று சாம்ப்சனையே எதிர்கொண்டார். நடுவர்களில் ஒருவர் குயின்ஸ்பெரி பிரபு, குத்துச்சண்டை விதிகளுக்குப் பெயர் கொடுத்த அதே ஆள். சாம்ப்சன் இரும்புக் கம்பியை வளைத்தால் சாண்டோவும் வளைத்தார், சங்கிலியை அறுத்தால் அவரும் அறுத்தார். மறுநாள் லண்டன் முழுக்க அவர் பெயர்தான்.

1893இல் அமெரிக்கா. சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்த நேரம். புளோரன்ஸ் சீக்பெல்ட் என்ற இளைஞர், பின்னால் நியூயார்க்கின் நாடக உலகமான பிராட்வேயில் பெரிய ஆளாக வந்தவர், டிரோகடெரோ அரங்கில் சாண்டோவை இறக்கினார். எவ்வளவு தூக்குகிறார் என்று பார்க்க வந்தவர்கள் அந்த உடம்பைத்தான் வாய்பிளந்து பார்க்கிறார்கள் என்பதை சீக்பெல்ட் கண்டுபிடித்தார். அங்கேதான் எல்லாம் திரும்பியது. எடை பின்னால் போனது, உடம்பு முன்னால் வந்தது. நிகழ்ச்சி முடிந்ததும் தர்மத்துக்கு 300 டாலர் கொடுக்கும் பெண்கள் உள்ளே வந்து அவர் தசையைத் தொட்டுப் பார்க்கலாம் என்று அறிவித்தார்கள், சிகாகோவின் பெரிய வீட்டுப் பெண்களே வந்தார்கள். இன்றைக்கு நாம் பாடி பில்டிங் என்று சொல்லும் விஷயம், அதாவது எவ்வளவு தூக்கினாய் என்று கேட்காமல் உடம்பை மட்டும் பார்த்து மதிப்பிடும் பழக்கம், என் கணக்கில் இந்த மேடையில்தான் பிறந்தது.

எல்லாமே கண்ணியமாக நடந்தது என்று சொல்லமாட்டேன். 1894இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிங்கத்தோடு மல்லுக்கு நின்றார். சிங்கத்தின் வாயைக் கட்டி, பாதங்களுக்கு உறை போட்டு விட்டிருந்தார்கள். பாவம் அந்த மிருகம் சண்டையே போடவில்லை, கூட்டம் கடுப்பாகிவிட்டது. இந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் அவரைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. 1894 மார்ச்சில் எடிசனின் ஸ்டுடியோவில் அவரைப் படம் பிடித்தார்கள், உலகின் ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. ஒரு நிமிஷம்கூட ஓடாது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை மூன்று முறை பாருங்கள். முதல் முறை சும்மா. இரண்டாவது முறை வயிற்றை மட்டும் பாருங்கள், எந்த போஸிலும் அது தளர்வதே இல்லை. மூன்றாவது முறை ஒரு போஸிலிருந்து அடுத்த போஸுக்குப் போகிற அந்த நொடியைப் பாருங்கள், அவசரமே இல்லை, எந்தத் தசை எப்போது இறுக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மேடையில் இசைக்கு ஏற்பத் தசைகளைத் துள்ளவைப்பாராம். அந்தக் கட்டுப்பாடு எங்கிருந்து வந்தது என்றால், அடுத்து நாம் பார்க்கப்போகும் சின்ன டம்பெல் பயிற்சியிலிருந்துதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். தசையை வளர்க்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் செயற்கையாகத் தயாரித்ததே 1935இல்தான். சாண்டோ இறந்தது 1925. ஆகவே அது ஊசி மாத்திரை எதுவும் இல்லாத உடம்பு. இன்ஸ்டாகிராமைப் பார்த்துவிட்டு உங்கள் உடம்பின் மேல் கோபப்படுகிறவராக இருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க இந்த உடம்பை வைத்துக்கொள்ளுங்கள், நியாயமாக இருக்கும். ஆனால் அவருடைய புகைப்படங்களும் நல்ல வெளிச்சத்தில், பளிங்குச் சிலை மாதிரித் தெரிய வெள்ளைப் பவுடர் பூசி எடுத்தவை, அதையும் கணக்கில் சேருங்கள்.

படி 4: இஞ்ச் டேப்பை எடுங்கள்

1897இல் லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் சாண்டோ தன் உடற்பயிற்சிக் கழகத்தைத் திறந்தார். பெண்களுக்கும் அங்கே இடம் உண்டு, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். நேரில் வர முடியாதவர்களுக்குத் தபால் வழிப் பயிற்சி. உடம்பின் அளவுகளை எழுதி அனுப்பினால் அதற்கேற்ற பயிற்சியைத் தபாலில் அனுப்புவார்கள். நாற்காலியில் உட்கார்ந்தே தேய்ந்துபோன லண்டன் குமாஸ்தாக்கள்தான் அவருடைய முக்கியமான ஆட்கள். இன்று ஐ.டி. கம்பெனியில் ஒன்பது மணி நேரம் உட்காரும் நம் பிள்ளைகளின் நிலைமை அதேதான்.

நீங்களும் எழுதுங்கள். கழுத்து, மார்பு (மூச்சை இழுத்து ஒன்று, விட்டு ஒன்று), மேல்கை (மடக்கி ஒன்று, தொங்கவிட்டு ஒன்று), முன்கை, இடுப்பு, தொடை, கெண்டைக்கால். இடது வலது இரண்டையும் தனித்தனியாக அளக்க வேண்டும். காலையில் சாப்பிடுவதற்கு முன்னால் அளப்பது நல்லது. டேப் தோலைத் தொட வேண்டும், அமுக்கக் கூடாது. இடுப்பை அளக்கும்போது வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள், அந்த நோட்டை உங்களைத் தவிர யாரும் பார்க்கப்போவதில்லை. நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். தினமும் அளப்பவர்களுக்கு மிஞ்சுவது கவலைதான்.

படி 5: சின்ன டம்பெல் பயிற்சி, இதுதான் சாண்டோ முறையின் இதயம்

வேண்டியவை: ஒரு ஜோடி 2 கிலோ டம்பெல், ஒரு நிலைக்கண்ணாடி, இருபது நிமிஷம். ஆண்களுக்கு அவர் சொன்னது 5 பவுண்டு, அதாவது 2.25 கிலோ. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதைவிடக் குறைவு. நம் கடைகளில் 2 கிலோவும் 2.5 கிலோவும் எளிதாகக் கிடைக்கும், 2 கிலோவில் தொடங்குங்கள். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், தோள்மூட்டு வலி, முதுகு டிஸ்க் பிரச்சினை எது இருந்தாலும் முதலில் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

2 கிலோவை வைத்து என்ன கிழிக்க முடியும் என்று தோன்றும். எல்லோருக்கும் தோன்றும். ரகசியம் பிடியில் இருக்கிறது. சாண்டோ பின்னால் ஒரு டம்பெல் செய்து விற்றார். கைப்பிடி நீளவாக்கில் இரண்டு பாதியாகப் பிளந்திருக்கும், நடுவில் எஃகுச் சுருள்வில்கள் இருக்கும். பயிற்சி முடியும்வரை இரண்டு பாதியையும் கையால் அழுத்திச் சேர்த்தே வைத்திருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் பிளந்துகொள்ளும், கவனம் சிதறியது உடனே தெரிந்துவிடும். நம்மிடம் அந்தக் கருவி இல்லை, பரவாயில்லை. சாதாரண டம்பெல்லின் கைப்பிடியில் ஒரு சின்னத் துண்டைச் சுற்றித் தடிமனாக்கிக்கொண்டு, பிழிவது மாதிரி இறுக்கிப் பிடியுங்கள்.

ஒரே ஒரு அசைவை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதெல்லாம் இதே பாணிதான். கண்ணாடி முன்னால் சட்டை இல்லாமல் அல்லது பனியனோடு நில்லுங்கள். குதிகால்கள் சேர்ந்து, கால்விரல்கள் கொஞ்சம் விலகி இருக்கட்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும், உள்ளங்கைகள் முன்பக்கம் பார்க்க வேண்டும். கைப்பிடியைப் பிழியுங்கள். இப்போது வலது கையை மட்டும் மெதுவாக மடக்குங்கள், மேலே வந்ததும் 2 கிலோவை மறந்துவிட்டு இருபது கிலோவைத் தூக்கியது போல மேல்கையின் முன்பக்கத்து பைசெப்ஸை முழு பலத்தோடு இறுக்குங்கள், கண் அந்தத் தசையின் மேலேயே இருக்கட்டும். வலது கை இறங்கத் தொடங்கும்போதே இடது கை ஏற வேண்டும். இறங்கும் கையில் பின்பக்கத்து டிரைசெப்ஸ் இறுகி நீள வேண்டும், கை தொப்பென்று விழக் கூடாது. ஒழுங்காகச் செய்தால் பதினைந்தாவது தடவைக்குள் முன்கை எரியத் தொடங்கும். எரியவில்லை என்றால் கையை வெறுமனே ஆட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

இதே கவனத்தோடு மற்றவை: உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து அதே மடக்கு. இரண்டு கைகளையும் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டி, மாறி மாறித் தோளை நோக்கி மடக்குவது. முன்னால் நீட்டிய கைகளை மூச்சை இழுத்துக்கொண்டே அகல விரித்து, மூச்சை விட்டுக்கொண்டே சேர்ப்பது. நீட்டிய கைகளில் மணிக்கட்டை மட்டும் முன்னும் பின்னும் திருகுவது (இது சுலபமாகத் தெரியும், செய்தால்தான் கஷ்டம் தெரியும்). மாறி மாறித் தலைக்கு மேல் ஏற்றுவது. நின்ற இடத்தில் பக்கவாட்டில் சாய்ந்து, எதிர்க்கையின் டம்பெல்லை அக்குள்வரை இழுப்பது. மல்லாந்து படுத்து, பாதத்தைக் கட்டிலுக்கு அடியில் செருகிக்கொண்டு எழுந்து உட்காருவது. புஷ்-அப், தண்டால் பழக்கம் இருந்தால் தண்டால். கடைசியில் குதிகாலை உயர்த்தி இறக்குவது, அப்படியே மெதுவாக உட்கார்ந்து எழுவது.

எண்ணிக்கை விஷயத்தில் அவர் வழி எளிமையானது. சுலபமாக வரும் எண்ணிக்கையில் தொடங்கி, சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவது. நான் சொல்வது: ஒவ்வொரு அசைவும் 15இல் தொடங்கட்டும், வாரத்துக்கு ஐந்து கூட்டுங்கள், 40 தொட்டதும் எடையை அரை கிலோ ஏற்றிவிட்டு மறுபடி 15க்கு வாருங்கள். அசைவு கோணலாகிற இடத்தில் எண்ணுவதை நிறுத்திவிட வேண்டும்.

மனதை அந்தத் தசையில் வை என்று சாண்டோ திரும்பத் திரும்ப எழுதினார். அன்றைக்குச் சிலர் இதைக் கேலி செய்தார்கள். இன்றைய ஆய்வுகள் அவர் பக்கம்தான் நிற்கின்றன: குறைந்த எடையில் ஒரு தசையின் மேல் கவனம் வைத்தால் அந்தத் தசை கூடுதலாக வேலை செய்கிறது. எடை மிகவும் கனமாகும்போது அந்தப் பலன் குறைந்துவிடுகிறது, அதனால் இந்த உத்திக்குச் சரியான இடம் சின்ன டம்பெல்தான்.

பயிற்சி முடிந்து உடம்பு சூடாக இருக்கும்போதே பச்சைத்தண்ணீர்க் குளியல் என்பது அவர் வழக்கம். லண்டன் குளிரில் அது பெரிய சாகசம், நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. இதயம் பலவீனமானவர்கள் மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். சாப்பாட்டில் அவர் பெரிய கட்டுப்பாடு எதுவும் போடவில்லை: நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக மென்று சாப்பிடு, ஏழு எட்டு மணி நேரம் தூங்கு. தூக்கத்தை அவர் சொன்னபடியே எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டில் நான் ஒன்று சேர்க்கிறேன், மூன்று வேளையும் தட்டில் முட்டை, மீன், கோழி, பருப்பு, சுண்டல், தயிர் என்று ஏதாவது புரதம் இருந்தே ஆக வேண்டும். வெறும் சாதமும் ரசமும் வைத்துக்கொண்டு தசையை எதிர்பார்க்க முடியாது.

படி 6: அவர் விற்காமல் விட்ட பாதியைச் சேருங்கள்

சின்ன டம்பெல் உங்களுக்குப் பழக்கத்தைத் தரும், தசையைத் தனித்தனியாக இயக்கும் கட்டுப்பாட்டைத் தரும், நிற்கும் தோரணையை மாற்றும். தொடையும் முதுகும் அகலமாக வேண்டும் என்றால் கனமான எடைதான் வழி. ஆறு வாரம் சின்ன டம்பெல்லோடு ஓட்டிய பிறகு, வாரத்தில் இரண்டு நாள் ஜிம்முக்குப் போங்கள். ஸ்குவாட் (தோளில் பார்பெல்லோடு உட்கார்ந்து எழுவது), டெட்லிப்ட் (தரையில் இருக்கும் பார்பெல்லைப் பிடித்து நிமிர்வது), தலைக்கு மேல் தூக்கும் பிரஸ், பார்பெல் ரோ (குனிந்தபடி பார்பெல்லை வயிற்றை நோக்கி இழுப்பது). நான்கு போதும். எட்டு தடவை செய்து முடித்ததும் இன்னும் இரண்டு தடவைக்கு மட்டும் தெம்பு பாக்கி இருக்கும் என்கிற எடையில், எட்டெட்டாக மூன்று செட் (சுற்று) செய்யுங்கள்.

பென்ட் பிரஸ்ஸை யூடியூப் பார்த்து முயற்சி செய்யாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். முதுகுத்தண்டு சாய்ந்தும் திருகியும் இருக்கும்போது தலைக்கு மேல் எடை நிற்கும். சாண்டோ அதைக் குருவிடம் நேரில் கற்றவர். அந்த ருசி வேண்டும் என்றால் கெட்டில்பெல்லை (மேலே கைப்பிடி வைத்த இரும்பு உருண்டை) வைத்து விண்ட்மில் என்று ஒன்று செய்வார்கள், ஒரு கை மேலே நேராக நிற்க, இடுப்பை ஒடித்து மறுகையால் பாதத்தைத் தொடுவது. தெரிந்த பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க 4 கிலோவில் தொடங்கலாம். ஜிம்மே இல்லாத ஊர் என்றால் ஒரு பையில் புத்தகங்களையோ மணலையோ நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்கி போடுங்கள், அதுவும் எடைதான்.

படி 7: 1901 நடுவர்கள் பார்த்த மாதிரி உங்களைப் பாருங்கள்

1901 செப்டம்பர் 14, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். சாண்டோவின் பெரிய போட்டி. உடல் கட்டமைப்புக்காக மட்டும் நடந்த முதல் பெரிய போட்டி என்று இதைத்தான் சொல்கிறார்கள். அதற்கு முன் மாவட்டம் மாவட்டமாகப் போட்டி வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுத்து, கடைசியில் அறுபது பேரை மேடை ஏற்றினார்கள். அரங்கு நிரம்பி வழிந்தது, வசூல் அப்போது தென்னாப்பிரிக்காவில் நடந்துகொண்டிருந்த போயர் போரின் நிவாரண நிதிக்குப் போனது. நடுவர்கள் மூன்று பேர்: சிற்பி சார்லஸ் லாஸ், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், அப்புறம் சாண்டோ. ஜெயித்தது நாட்டிங்காமைச் சேர்ந்த வில்லியம் மர்ரே. சாண்டோ உருவத்தில் செய்த தங்கநிறச் சிலை அவருக்குக் கிடைத்தது, இன்றைய மிஸ்டர் ஒலிம்பியா சிலைக்கு அதுதான் முன்னோடி.

என்னை மிகவும் கவர்ந்தது அவர்கள் எதைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள் என்பதுதான். மொத்த வளர்ச்சி, உறுப்புகளுக்கு இடையில் சமநிலை, தசையின் தன்மையும் இறுக்கமும், பொதுவான ஆரோக்கியம், தோலின் நிலை. யாருக்குப் பெரிய தசை இருக்கிறதோ அவருக்கே பரிசு என்ற கணக்கை சாண்டோ அன்றே ஒதுக்கிவிட்டார். இன்றைய மேடைகளில் பாதிப் பேர் ஆரோக்கியம் என்ற அந்த நான்காவது விஷயத்தில் தேறமாட்டார்கள் என்பது என் வருத்தம்.

நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளவெடுக்கும் அன்று இந்த ஐந்துக்கும் உங்களுக்கு நீங்களே பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். வளர்ச்சிக்கு டேப் பதில் சொல்லும். சமநிலைக்கு இடது வலது அளவுகளைப் பாருங்கள், மேல்கைக்கும் கெண்டைக்காலுக்கும் உள்ள வித்தியாசத்தையும் பாருங்கள், நம் ஆட்களில் மேலே மலையும் கீழே குச்சியுமாக இருப்பவர்கள் நிறைய. தசையின் தன்மைக்குத் தளரவிட்ட தசையும் இறுக்கிய தசையும் தொட்டுப்பார்க்க எப்படி வேறுபடுகின்றன என்று பாருங்கள். ஆரோக்கியத்துக்கு மூன்று மாடி படி ஏறிவிட்டு மூச்சையும் நாடியையும் கவனியுங்கள், வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. தோலுக்குத் தூக்கமும் தண்ணீரும் சாப்பாடும் எப்படி இருந்தன என்பது முகத்திலேயே தெரிந்துவிடும்.

படி 8: அவர் விட்டுச்சென்றதில் எடுக்க வேண்டியதும் விட வேண்டியதும்

1904–05இல் சாண்டோ இந்தியாவுக்கு வந்து நிகழ்ச்சி நடத்தினார். ஆனால் அவருடைய புத்தகமும் கருவிகளும் அவருக்கு முன்னாலேயே வந்துவிட்டன. மராட்டியப் பகுதியில் ஔந்த் சமஸ்தானத்தின் ராஜா பவன்ராவ் பந்த் பிரதிநிதி சாண்டோ முறையில் சுமார் பத்து வருஷம் பயிற்சி செய்தவர், பிறகு சூரிய நமஸ்காரத்துக்கு மாறி அதை உடற்பயிற்சியாக நாடெங்கும் பரப்பினார். இன்று பள்ளிக்கூட மைதானங்களில் செய்யும் சூரிய நமஸ்காரத்துக்குப் பின்னால் இந்த ராஜாவின் உழைப்பும் இருக்கிறது. பெங்களூரில் கே.வி. ஐயர் ஹெர்குலிஸ் ஜிம்னாசியம் நடத்தி எடைப் பயிற்சியையும் யோகாசனத்தையும் கலந்து சொல்லிக்கொடுத்தார், தபால் வழியிலும் பாடம் நடத்தினார். கோயம்புத்தூரில் உடம்பை வளர்த்த ஒரு ஏழை இளைஞன் சாண்டோ என்ற பட்டத்தோடு சினிமாவுக்கு வந்து எம்.ஜி.ஆரை வைத்துப் படம் படமாக எடுத்தது உங்களுக்கே தெரியும்.

விட வேண்டியதும் இருக்கிறது. 1901இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக அவர் உடம்பை முழுசாகப் பிளாஸ்டரில் வார்த்தெடுத்தார்கள், வெள்ளை இனத்தின் மாதிரி உடம்பு என்று காட்ட. உடம்பை வைத்து இனங்களை மேலே கீழே என்று வரிசைப்படுத்திய காலம் அது, சாண்டோ அதற்குத் துணைபோனார். அவருடைய விளம்பரங்கள் பயிற்சியால் தீராத நோயே இல்லை என்கிற மாதிரிப் பேசின. அதை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவது இன்றும் நடக்கிறது, அது தப்பு.

1911இல் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் அவரைத் தன் உடற்பயிற்சி ஆசிரியராக நியமித்தார். அவர் பெயரில் ஊட்டச்சத்துக் கோகோகூட விற்றது. முதல் உலகப்போர் வந்ததும், ஜெர்மனியில் பிறந்தவர் என்ற சந்தேகக் கண்ணும் சேர்ந்துகொள்ள, அந்த வியாபாரம் நொடித்தது. 1925 அக்டோபர் 14 அன்று 58 வயதில் இறந்தார். பள்ளத்தில் விழுந்த காரை ஒற்றை ஆளாகத் தூக்கியதால்தான் இறந்தார் என்று ஒரு கதை ஓடுகிறது. பதிவில் இருக்கும் காரணம் மகாதமனி வீங்கி வெடித்தது. மனைவி பிளாஞ்ச் விருப்பப்படி பட்னி வேல் கல்லறையில் பெயர்க்கல்லே இல்லாமல் புதைத்தார்கள். 2002இல் ஒரு ரசிகர் கல் வைத்தார், 2008இல் அவர் வம்சாவளியில் வந்த ஒருவர் அதை மாற்றி, சாண்டோ என்று பெயர் பொறித்த பெரிய கல்லை நட்டார்.

படி 9: பன்னிரண்டு வாரத் திட்டம்

முதல் ஆறு வாரம்: வாரத்தில் ஆறு நாள், காலையில் இருபது நிமிஷம், சின்ன டம்பெல் மட்டும். ஞாயிறு ஓய்வு. ஏழாவது வாரத்திலிருந்து பன்னிரண்டுவரை: செவ்வாயும் வெள்ளியும் கனமான எடை, மற்ற நான்கு நாள் சின்ன டம்பெல், ஞாயிறு அதே ஓய்வு. ஒரு நாள் தவறிப்போனால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்யாதீர்கள், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

பயிற்சி முடிந்ததும் தினம் இரண்டு நிமிஷம் கண்ணாடி முன்னால் போஸ். கைகளைத் தலைக்குப் பின்னால் வைத்து வயிற்றை இறுக்கிப் பத்து நொடி, மார்பை விரித்துப் பத்து நொடி, முதுகைப் பிரித்துப் பத்து நொடி, தொடையை இறுக்கிப் பத்து நொடி, திரும்ப முதலிலிருந்து. இது வீண் பெருமைக்காகச் செய்வது இல்லை, இறுக்கிப் பிடிப்பதும் ஒரு பயிற்சிதான், அந்தப் படத்தில் நீங்கள் பார்த்த கட்டுப்பாடு இப்படித்தான் வரும்.

முதல் நாள், ஆறாவது வாரக் கடைசி, பன்னிரண்டாவது வாரக் கடைசி என்று மூன்று முறை போட்டோ எடுங்கள்: அதே இடம், அதே ஜன்னல் வெளிச்சம், அதே நேரம், முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முதுகுப்பக்கம் ஒன்று. பக்கவாட்டுப் படத்தில் காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டுக்கு வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு மாற்றம் முதலில் தெரிவது அங்கேதான். மூன்று படங்களையும் ஐந்து மதிப்பெண்களையும் அருகருகே வைத்து, எது பின்தங்கியிருக்கிறதோ அந்தப் பகுதிக்கு அடுத்த பன்னிரண்டு வாரத்தில் ஒரு அசைவைக் கூட்டிக்கொள்ளுங்கள்.